லிம்பு என்றொரு ஊர்

கல்லறைத் திருநாளன்று பெரியம்மாவை ஆட்டோவில் கூட்டிப்போவது பல வருஷமாக என் பொறுப்பு. நவம்பர் 2. மணலி புதுநகரில் கிளம்பும்போதே அவர் மடியில் ஒரு துணிப்பை இருக்கும். உதிரிச் சாமந்தி, ஊதுவத்தி, ஒரு கட்டு மெழுகுதிரி, தீப்பெட்டி. பொன்னேரி நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஊர்ந்து, காசிமேடு கல்லறைத் தோட்டம் போய்ச் சேர்வதற்குள் பாதிப் பூ வாடிவிடும். பெரியப்பா கல்லறையில் இரண்டு திரி, கொழுந்தனார் கல்லறையில் ஒன்று, தெரிந்தவர்களுக்கு ஒவ்வொன்று. எல்லாம் முடிந்தபின் ஒரு திரி மிஞ்சும். மிஞ்சும்படிதான் வாங்கியிருப்பார். அதை எடுத்துக்கொண்டு, கல்லறை எதுவும் இல்லாத மதிலோரமாகப் போவார். காலால் புல்லை ஒதுக்கி, ஒரு செங்கல் துண்டின்மேல் ஏற்றிவைத்துவிட்டு, முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு நிற்பார்.

யாருக்கு என்று நான் கேட்டதில்லை. வீட்டில் எல்லோருக்கும் தெரியும், யாரும் பேசுவதில்லை. பெரியம்மாவுக்கு மூன்று பிள்ளைகள் என்றுதான் ரேஷன் கார்டு சொல்லும். ஆனால் கார்டில் மூத்த மகன் என்றிருக்கும் அண்ணனை அவர் ஒருநாளும் மூத்தவன் என்று சொன்னதில்லை. "எங்க ரெண்டாமவன்" என்பார். கேட்பவர்கள் குழம்பினாலும் திருத்திக்கொள்ளமாட்டார்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்த மதிலோரத்தில் நின்று அவரே சொன்னார். 1961. முத்துக்குளித்துறையில் ஒரு கடற்கரை ஊர். ஏழு மாதத்தில் பிறந்த பிள்ளை விடிவதற்குள் போய்விட்டது. மருத்துவச்சி கிழவி பதறிப்போனாள், யாருக்கும் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுக்கத் தோன்றவில்லை. ஞானஸ்நானம் இல்லாத பிள்ளைக்கு மந்திரித்த மண்ணில் இடம் கிடையாது என்று கோயிலில் சொல்லிவிட்டார்கள். பெரியப்பா பழைய சேலையைக் கிழித்து அதில் சுற்றி எடுத்துப்போய், கல்லறைத் தோட்டத்து மதிலுக்கு வெளியே ஓர் உடைமரத்தடியில் புதைத்துவிட்டு வந்தார். பிள்ளை பெற்ற உடம்போடு பாயில் கிடந்த பெரியம்மா அந்த இடத்தைப் பார்க்கவேயில்லை. பிறகு பிழைப்பு தேடி வடசென்னைக்கு வந்தாயிற்று.

"எந்த மரம்னு தெரியாதுலே. மதிலோரம்னு மட்டும் தெரியும். அதான், எந்த மதிலா இருந்தா என்ன" என்றார். பிறகு கேட்டார்: "பிள்ள லிம்புல இருக்கான்னு உபதேசியார் சொன்னாரு. மோட்சமும் இல்ல, நரகமும் இல்ல, உத்தரிக்கிற ஸ்தலமும் இல்லையாம். நீ படிச்சவன்தானே, அது என்ன ஊருலே? யாரு கட்டுனது?"

புதுநகர்க்காரர் கேட்கக்கூடிய கேள்வி அது. எங்கள் ஊரே அரசாங்கம் மனை பிரித்து, எல்லைக்கல் நட்டு உண்டாக்கியது. ஓர் ஊர் தானாக முளைக்காது, எவரோ கோடு போட்டிருக்கவேண்டும் என்பது அவருக்குத் தெரியும். அந்தக் கேள்விக்குப் பதில் தேடப்போய் நான் படித்ததுதான் இந்தக் கதை.

அவர் லிம்பு என்பதைப் புத்தகங்கள் லிம்போ என்கின்றன. மூலச் சொல் லத்தீன் மொழியின் லிம்புஸ். துணியின் ஓரம், விளிம்பு என்று பொருள். நாம் சேலைக்குக் கரை என்கிறோமே, அதேதான். நரகம் என்ற துணிக்குக் கரை போட்டாற்போல ஓர் இடம், நெருப்பு எட்டாத ஓரம். பழைய சேலையில் சுற்றி மதிலோரம் புதைத்த பிள்ளைக்கு இந்தச் சொல்லா என்று, அகராதியில் அதைப் பார்த்த அன்று எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

சொல் பிறப்பதற்கு ஆயிரம் வருஷம் முன்பே ஒரு கனவில் அந்த இடத்தின் சாயல் இருக்கிறது. கி.பி. 203, கார்த்தேஜ் நகரச் சிறை. இன்றைய துனிசியா. பெர்பெத்துவா என்ற 22 வயதுப் பெண், கைக்குழந்தைக்காரி, கிறிஸ்தவளானதற்காக மிருகங்களுக்கு இரையாக்கப்படக் காத்திருக்கிறாள். சிறையில் அவள் எழுதிவைத்த குறிப்புகள் இன்றும் இருக்கின்றன. ஜெபித்துக்கொண்டிருக்கும்போது, 7 வயதில் முகத்தில் புற்று வைத்து இறந்துபோன தன் தம்பி தினோக்ராத்தேயின் பெயர் திடீரென்று அவள் வாயில் வருகிறது. அன்றிரவு கனவு. இருட்டான இடத்திலிருந்து தம்பி வெளியே வருகிறான். முகத்தில் அந்தப் புண் அப்படியே இருக்கிறது. கடுமையான தாகம். பக்கத்தில் தண்ணீர் நிறைந்த தொட்டி, ஆனால் தொட்டியின் விளிம்பு அவன் தலைக்கு மேலே. எக்கி எக்கிப் பார்க்கிறான், எட்டவில்லை.

அவள் நாள் முழுக்க, இரவு முழுக்க அழுது ஜெபிக்கிறாள். பிறகு இன்னொரு கனவு. தொட்டியின் விளிம்பு பையனின் தொப்புள் அளவுக்கு இறங்கியிருக்கிறது. முகத்துப் புண் ஆறித் தழும்பாகிவிட்டது. விளிம்பின்மேல் ஒரு பொற்கிண்ணம், குடிக்கக் குடிக்கக் குறையாமல். வயிறாரக் குடித்துவிட்டு, குழந்தைகள் ஓடுவதுபோல விளையாட ஓடுகிறான்.

தண்ணீர் லாரி வரும் தெருவில் வளர்ந்தவர்களுக்கு அந்த எக்கலை விளக்கவேண்டாம். ஒரு பெண்ணின் ஜெபத்துக்குத் தொட்டி இறங்கிவந்தது என்பதுதான் இந்த விவகாரத்தில் முதலில் எழுதப்பட்ட பதில். பின்னால் வந்தவர்கள் தொட்டியின் விளிம்பை மறுபடி மேலே ஏற்றினார்கள்.

ஏற்றியவர் சாதாரண ஆள் இல்லை. ஹிப்போ நகரத்து ஆயர் அகுஸ்தீன், 354 முதல் 430 வரை வாழ்ந்தவர், மேற்குத் திருச்சபையின் பெரிய மூளை. அவருக்கு முன்பே குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுப்பது ஆப்பிரிக்காவில் வழக்கமாகியிருந்தது. எட்டாம் நாள்வரை காத்திருக்கவேண்டுமா என்று ஓர் ஆயர் கேட்டதற்கு, 253 வாக்கில் கார்த்தேஜின் சிப்ரியானும் கூடியிருந்த 66 ஆயர்களும் ஒருநாளும் காத்திருக்கவேண்டாம் என்று எழுதினார்கள். அகுஸ்தீன் இந்த வழக்கத்திலிருந்துதான் தர்க்கம் செய்தார். ஞானஸ்நானம் பாவமன்னிப்புக்கு. சபை சிசுக்களுக்கும் அதைக் கொடுக்கிறது. ஆகவே சிசுவிடமும் மன்னிக்கப்படவேண்டிய பாவம் ஒன்று இருந்தாகவேண்டும். ஆதாமிடமிருந்து வந்த சென்மப் பாவம்.

எதிர்த்தரப்பில் பெலாஜியுஸ் என்ற துறவி. குழந்தை பாவமில்லாமலே பிறக்கிறது என்றவர். அப்படியானால் ஞானஸ்நானமின்றி இறந்த பிள்ளை எங்கே போகிறது என்று நெருக்கியபோது, எங்கே போகாது என்று தெரியும், எங்கே போகும் என்று தெரியாது என்ற அளவில் நின்றாராம். இதைச் சொல்வது அவரை மறுத்த அகுஸ்தீன்தான். பெலாஜியுஸின் வழி நின்றவர்களோ விண்ணரசுக்கு வெளியே, ஆனால் வேதனை இல்லாத நடுவிடம் ஒன்று உண்டு என்றார்கள். பெரியம்மாவின் கேள்விக்கு நேர்ப்பதில் சொல்வதானால், முதலில் எல்லைக்கல் நட்டவர்கள் இவர்கள். 418இல் கார்த்தேஜில் கூடிய ஆயர்கள் பெலாஜியுஸ் தரப்பைக் கண்டித்தார்கள். அந்தத் தீர்மானங்களின் சில பழைய ஏட்டுப் பிரதிகளில், அப்படியொரு நடுவிடம் உண்டு என்பவன் சபைக்குப் புறம்பானவன் என்றே இருக்கிறது.

அகுஸ்தீனின் முடிவு கடுமையானது. வலப்பக்கம் இல்லையென்றால் இடப்பக்கம்தான், நடுப்பக்கம் கிடையாது. ஞானஸ்நானம் பெறாத சிசுவும் தண்டனைக்குரியதே, ஆனால் தண்டனைகளிலேயே மிக லேசானது என்று ஒரு சலுகை. பெர்பெத்துவாவின் தம்பியை எவரோ எடுத்துக்காட்டியபோதும், அந்தப் பையன் ஞானஸ்நானம் பெற்றிருக்கக்கூடும் என்று சொல்லி முடித்துவிட்டார்.

அவரை வெறுக்க முயன்று பார்த்தேன், முடியவில்லை. அதேயோதாத்துஸ் என்ற தன் ஒரே மகனோடு 387இல் மிலானில் ஞானஸ்நானம் பெற்றவர், பதினாறு பதினேழு வயதில் அந்த மகனைப் பறிகொடுத்தவர். குழந்தைகளின் தண்டனை என்ற இடத்துக்கு வரும்போது தனக்கு வழியே தெரியவில்லை என்று 415இல் ஜெரோமுக்கு எழுதிய கடிதத்தில் ஒப்புக்கொள்கிறார். திணறினார், ஆனாலும் தர்க்கத்தைக் கைவிடவில்லை. அவர் திணறியதைப் பின்னால் வந்தவர்கள் மறந்தார்கள், தர்க்கத்தை மட்டும் மனப்பாடம் செய்தார்கள்.

இதே காலத்தை ஒட்டிக் கிழக்கே வேறு மாதிரி பேசியிருக்கிறார்கள். நீசா நகரத்து கிரகோரி, சிறுவயதில் இறக்கும் குழந்தைகளைப் பற்றியே ஒரு தனி நூல் எழுதினார். தீமையை அறியாத ஆன்மாவின் கண்ணில் நோய் இல்லை, ஆகவே அது ஒளியைத் தன் கொள்ளளவுக்கேற்பக் காணும், கண்டு வளரும் என்பது அவர் எண்ணம். கிழக்குச் சபைகளில் லிம்போ என்ற ஊர் எழும்பவேயில்லை. நம் பங்குக் கோயில்களுக்கு வந்த வேதம் மேற்கிலிருந்து வந்தது. அதோடு அந்த மதிலும் வந்தது.

எழுநூறு வருஷம் கழிந்து மேற்கில் சிலருக்கு அகுஸ்தீனின் முடிவு நெஞ்சில் உறுத்த ஆரம்பித்தது. பாரிசின் பேதுரு அபெலார், 12ஆம் நூற்றாண்டில், அந்த லேசான தண்டனைக்கு நெருப்பு எதுவும் இல்லை, கடவுளைக் காணமுடியாத இருள் மட்டுமே என்றார். 1201இல் திருத்தந்தை மூன்றாம் இன்னொசென்ட் ஆர்ல் நகரப் பேராயருக்கு எழுதிய கடிதத்தில் அதையே சபையின் பேச்சாக்கினார். சென்மப் பாவத்துக்குத் தண்டனை இறைத்தரிசன இழப்பு, நரக வேதனை தானே செய்த பாவத்துக்கு. பிறகு தோமா அக்குவினாஸ் இன்னும் ஒரு படி இறங்கி வந்தார். அந்தக் குழந்தைகளுக்குத் தாம் எதை இழந்தோம் என்றே தெரியாது, ஆகவே துக்கமும் கிடையாது. பறவைபோலப் பறக்க முடியவில்லையே என்று புத்தியுள்ள மனிதன் எவனும் அழுவதில்லையே என்று உதாரணம் சொன்னார். இயற்கையான மகிழ்ச்சியோடு அங்கே இருப்பார்கள்.

லிம்போ என்ற பெயர் நிலைத்தது இந்த 13ஆம் நூற்றாண்டில். கிறிஸ்துவுக்கு முந்திய நீதிமான்கள் காத்திருந்த பாதாளம் ஒரு லிம்போ, அது காலியாகிவிட்டது. குழந்தைகளின் லிம்போ இன்னொன்று, அது காலியாவதே இல்லை. அடுத்த நூற்றாண்டில் தாந்தே தன் நரகத்தின் முதல் வட்டத்தில் அதை வரைந்தார். அங்கே ஓலம் இல்லை, காற்றை நடுங்கவைக்கும் பெருமூச்சு மட்டும்.

ஆக, கட்டியவர்கள் இரக்கத்தால் கட்டினார்கள். இதை நான் அழுத்திச் சொல்லவேண்டும். லிம்போவைக் கொடூரமான கற்பனை என்று இன்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அது பிறந்தபோது, சிசுக்களை நெருப்பிலிருந்து வெளியே எடுத்த கை அது. வாசல் வரை தூக்கிவந்து, உள்ளே விடத் துணியாமல் திண்ணையில் இறக்கிவிட்ட கை.

அம்மாக்கள் திண்ணையோடு ஒத்துக்கொள்ளவில்லை. சுவிட்சர்லாந்தின் பெர்ன் பகுதியில் ஓபர்பியூரன் என்ற ஊரில், 15ஆம் நூற்றாண்டின் கடைசியில், ஒரு மாதா கோயில் இருந்தது. இறந்து பிறந்த குழந்தைகளைத் தூரதேசங்களிலிருந்து அங்கே தூக்கிவருவார்கள். கனலும் கரிக்கும் எரியும் மெழுகுதிரிகளுக்கும் நடுவே பிணத்தைக் கிடத்திச் சூடேற்றுவார்கள். உதட்டின்மேல் ஓர் இறகு. சூட்டில் இறகு அசைந்தால் போதும், மூச்சு வந்துவிட்டது என்று சொல்லி அந்த நொடியில் ஞானஸ்நானம். உடனே மந்திரித்த மண்ணில் அடக்கம். கான்ஸ்டன்ஸ் ஆயர் இதைக் கண்டித்து ரோமுக்கு எழுதினார். 1528இல் சீர்திருத்தக்காரர்கள் கோயிலை இடித்தார்கள். 1990களில் அங்கே தோண்டியபோது சுமார் 250 சிசுக்களின் எலும்புகள் கிடைத்தன. அந்த இறகைத்தான் என்னால் மறக்கமுடியவில்லை. எல்லோருக்கும் தெரிந்திருக்கும், அது சூட்டில் அசைகிறதென்று. தெரிந்தும் பார்த்துக்கொண்டு நின்றிருப்பார்கள்.

அயர்லாந்தில் அதற்கும் வழியில்லாதவர்கள் வயல் ஓரத்திலும் கடல் ஓரத்திலும் இரவில் புதைத்தார்கள். கில்லீன் என்று அந்த இடங்களுக்குப் பெயர், 20ஆம் நூற்றாண்டுவரை புழக்கத்தில் இருந்தன. 1917இல் தொகுக்கப்பட்ட சபைச் சட்டமும் ஞானஸ்நானமின்றி இறந்தவர்களுக்குத் திருச்சபை அடக்கம் கிடையாது என்றே எழுதியது. 1961இல் பெரியப்பா கையில் இருந்த மூட்டைக்குக் குறுக்கே நின்றது அந்த விதி.

எங்கள் கடற்கரைக்கு அந்த அச்சம் வந்த வழி தெளிவாக இருக்கிறது. 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார் ஊர் ஊராகப் போய்ப் பிறந்த பிள்ளைகளுக்கெல்லாம் ஞானஸ்நானம் கொடுத்தார். 1548இல், திருவிதாங்கூரில் உழைத்து மனம் நொந்துபோன சக சேசு சபைக் குருவுக்கு அவர் எழுதிய ஆறுதல் கடிதம் ஒன்று உண்டு. பெரியவர்கள் பேச்சைக் கேட்காவிட்டாலும் வருந்தாதே, நீ தண்ணீர் ஊற்றி, பிறகு இறந்துபோன குழந்தைகள் எத்தனை பேர் இன்று மோட்சத்தில் இருக்கிறார்கள் என்று எண்ணிப்பார் என்கிற பொருளில். அந்த உறுதியில் ஓர் அன்பு இருக்கிறது. அதே உறுதியின் மறுபக்கத்தில், தண்ணீர் ஊற்றப்படாத பிள்ளைகள் இருக்கிறார்கள். 1843இல் பிரான்சில் நான்சி ஆயர் ஃபோர்பென்-ஜான்சன் தொடங்கிய திருப்பாலத்துவ சபைக்கும் இதுதான் முதல் வேகம். வேற்று நாடுகளில் சாகக்கிடக்கும் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கிடைக்கவேண்டும் என்று ஐரோப்பியப் பிள்ளைகள் காசு சேர்த்தார்கள்.

பெரியம்மா இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணிகளில் ஒருவர் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. எழுபதுகளில் வடசென்னையில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் ஆயாவாக வேலைக்குச் சேர்ந்தார். குறைமாதப் பிள்ளை, நீலம் பாரித்த பிள்ளை, நர்ஸம்மா உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போன பிள்ளை என்றால், எவரும் பார்க்காத நேரம் குழாயடியில் ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்துவிடுவார். எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன். சமையலறையிலிருந்து டம்ளரை எடுத்துவந்து, முழங்கையை மடித்து, அதில் ஒரு தலை இருப்பதாக வைத்துக்கொண்டு காட்டினார்.

"பஞ்சுல தொட்டு வச்சா செல்லாது. தண்ணி ஓடணும். நெத்தியில ஊத்துனா தலையில ஓடி கீழ விழணும். மூணு தரம். வாய்க்குள்ள சொல்லிக்கிட்டே ஊத்தணும். உசிரு இருக்கா இல்லையான்னு தெரியலைன்னா, 'நீ உசிரோட இருந்தா'ன்னு முன்னால ஒரு வார்த்த சேத்துக்கணும்." ஊற்றிய தண்ணீரைத் தன் முந்தானையால் ஒற்றி எடுத்துவிடுவாராம், அம்மாக்காரி பார்த்தால் பயந்துவிடுவாள் என்று.

சபைச் சட்டப்படி அவர் செய்ததில் குறையில்லை. ஆபத்தில் எவரும் ஞானஸ்நானம் கொடுக்கலாம். ஆனால் எனக்கு அது நெருடியது, நெருடியதைச் சொல்லவும் செய்தேன். அவை பெரும்பாலும் இந்து, முஸ்லிம் வீட்டுப் பிள்ளைகள். கேட்காமல் செய்வது நியாயமா? இத்தாலியில் பொலோஞா நகரில் ஒரு யூதர் வீட்டில் வேலைபார்த்த பெண், குழந்தை எட்கார்தோ மோர்த்தாரா நோயில் கிடந்தபோது இதே போல ரகசியமாகத் தண்ணீர் ஊற்றினாள். பிள்ளை பிழைத்துக்கொண்டது. விஷயம் வெளியே வந்ததும், ஞானஸ்நானம் பெற்றவனை யூதப் பெற்றோரிடம் விடமுடியாது என்று 1858இல் திருத்தந்தையின் போலீஸ் வந்து 6 வயதுப் பையனைப் பிடுங்கிப்போனது. கடைசிவரை திருப்பித் தரவில்லை. லிம்போ பயம் ஒரு தாயிடமிருந்து உயிரோடு இருக்கும் பிள்ளையையே பறித்த கதை அது.

அதைச் சொன்னதும் பெரியம்மா வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "நான் வேதத்துல சேக்கலைலே. சாவுற உசிருக்குத் தண்ணி குடுக்கிறது நம்ம வழக்கமில்லையா? எம்பிள்ளைக்குத்தான் யாரும் குடுக்கல" என்றார். அந்த நியாயத்தை நான் முழுக்க ஏற்கவில்லை. ஆனால் எட்டாத தொட்டியும் தாகத்தில் நின்ற தினோக்ராத்தேயும் நினைவுக்கு வந்துவிட்டார்கள், மேற்கொண்டு வாதாட வாய் வரவில்லை.

சீர்திருத்தச் சபைகள் லிம்போவைத் தூக்கிப்போட்டன. 1542இல் மார்ட்டின் லூத்தர், கரு கலைந்த, பிள்ளை இறந்து பிறந்த பெண்களுக்கென்றே ஒரு சிறு ஆறுதல் நூல் எழுதினார். வார்த்தையாக வராத ஒரு தாயின் ஏக்கத்தையே கடவுள் ஜெபமாக எடுத்துக்கொள்வார், அந்தப் பிள்ளைகளைக் கைவிட்டதாக நினைக்காதீர்கள் என்பது அதன் சாரம். அதே வருஷம் அவருடைய 13 வயது மகள் மக்தலேனா இறந்தாள். கால்வினின் வழியினர் 1647இன் வெஸ்ட்மின்ஸ்டர் அறிக்கையில், தெரிந்துகொள்ளப்பட்ட சிசுக்கள் மீட்படைவார்கள் என்று எழுதிவைத்தார்கள். தெரிந்துகொள்ளப்படாத சிசு என்று ஒன்று உண்டா என்ற கேள்வி அடுத்த இருநூற்றைம்பது வருஷம் அவர்களைத் தூங்கவிடவில்லை. 1903இல் அமெரிக்கப் பிரஸ்பிட்டேரியன் சபை, சிறுவயதில் இறக்கும் எல்லாக் குழந்தைகளுமே மீட்புக்குள்தான் என்று விளக்கம் சொல்லி அதை முடித்தது.

எங்கள் தெருவில் பெந்தெகொஸ்தே வீடுகள் நிறைய. அவர்கள் குழந்தைக்கு ஞானஸ்நானமே கொடுப்பதில்லை, சபை முன்னால் தூக்கிப்பிடித்துப் பிரதிஷ்டை செய்வதோடு சரி. நன்மை தீமை அறியும் வயதுக்கு முன்னால் இறந்த பிள்ளை நேரே கர்த்தரிடம் போகிறது என்பது அவர்கள் நம்பிக்கை. அதற்கு அவர்கள் காட்டும் ஆதாரம் தாவீது ராஜா. பத்சேபாளிடம் பிறந்த பிள்ளை நோயில் கிடந்தவரை தரையில் விழுந்து அழுத ராஜா, பிள்ளை இறந்ததும் எழுந்து குளித்துச் சாப்பிடுகிறான். அது இனி என்னிடம் வராது, நான்தான் அதனிடம் போவேன் என்கிறான். போய்ச்சேரும் இடம் ஒன்று இருப்பதால்தானே அப்படிச் சொன்னான் என்று எதிர்வீட்டு அக்கா கேட்பார். நாலு மாதப் பிள்ளையைப் பறிகொடுத்தவர். அவர் கேட்கும்போது அது வேத விளக்கமாகத் தோன்றாது.

இறந்த சிசுவுக்கு ஓர் இடம் தேடும் பதைப்பு கிறிஸ்தவர்களுக்கு மட்டும் சொந்தமுமில்லை. சேரமான் கணைக்கால் இரும்பொறை பாடிய புறநானூற்று 74ஆம் பாட்டில், இறந்து பிறந்த குழந்தையையும், உருவமற்ற தசைப்பிண்டத்தையும்கூட வாளால் கீறிப் புதைத்த வழக்கம் வருகிறது. போரில் விழுப்புண் பட்டவன் போகும் இடத்துக்கு அதுவும் போகவேண்டுமென்று. அந்தக் குடியின் ஞானஸ்நானம் அது என்று எனக்குப் படுகிறது.

கத்தோலிக்கரிடம் லிம்போ ஒருநாளும் விசுவாசக் கோட்பாடாக அறிவிக்கப்படவில்லை. ஆனால் அதைத் தொடவும் எவரும் துணியவில்லை. 1786இல் இத்தாலியின் பிஸ்தோயா சங்கம் லிம்போ என்பது பெலாஜிய கட்டுக்கதை என்று எள்ளியது. பிள்ளைகளை உள்ளே விடவேண்டும் என்பதற்காக இல்லை, பழையபடி நெருப்புக்கு அனுப்பவேண்டும் என்று. 1794இல் திருத்தந்தை ஆறாம் பயஸ் அந்த எள்ளலைக் கண்டித்து லிம்போவுக்குக் காவல் நின்றார். 1951இல்கூட, இத்தாலிய மருத்துவச்சிகளிடம் பேசிய பன்னிரண்டாம் பயஸ், பெரியவர்களுக்கு அன்பின் விருப்பம் போதும், சிசுவுக்கு அந்த வழி திறந்திருக்கவில்லை, ஆகவே ஞானஸ்நானத்தில் தாமதம் கூடாது என்றார். பெரியம்மாவின் உபதேசியார் அவராகக் கற்பித்து எதையும் சொல்லிவிடவில்லை.

மாற்றம் ஜெபப் புத்தகத்தின் வழியே வந்தது, பாடப் புத்தகத்தின் வழியே இல்லை. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின், 1969இல் வெளியான அடக்கச் சடங்கு நூலில், ஞானஸ்நானத்துக்கு முன்பே இறந்த குழந்தைக்கும் ஒரு சடங்கு சேர்க்கப்பட்டது. முதலில் ஜெபிக்க அனுமதித்தார்கள், எதை நம்பி ஜெபிக்கிறோம் என்று பிறகு யோசித்தார்கள். 1983இன் சட்டத் தொகுப்பு, பெற்றோர் ஞானஸ்நானம் கொடுக்க எண்ணியிருந்தால் ஆயர் அனுமதியோடு அடக்கம் செய்யலாம் என்றது. 1992இன் மறைக்கல்வி நூலில் லிம்போ என்ற சொல்லே இல்லை. சிறுவர்களைத் தடுக்காதீர்கள் என்ற இயேசுவின் சொல்லைச் சுட்டி, அக்குழந்தைகளைக் கடவுளின் இரக்கத்திடம் ஒப்படைக்கலாம் என்று நின்றது.

2004இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் இந்த விஷயத்தை ஆராயும்படி பன்னாட்டு இறையியல் குழுவைக் கேட்டுக்கொண்டார். அதற்கென அமைத்த துணைக்குழுவின் தலைவர் இந்தியர். டொமினிக் வேலியத் என்ற சலேசிய சபைக் குரு, பெங்களூரில் இறையியல் கற்பித்தவர். பதினாறாம் பெனடிக்ட் ஒப்புதல் தந்து, 2007 ஏப்ரல் 20 அன்று அறிக்கை வெளிவந்தது. லிம்போ என்பது மீட்பைப் பற்றிய மிகக் குறுகலான பார்வை, ஞானஸ்நானமின்றி இறந்த குழந்தைகள் மீட்படைந்து இறைவனைக் காண்பார்கள் என்று நம்ப வலுவான காரணங்கள் உண்டு என்றது. உறுதியான அறிவு இல்லை, நம்பிக்கை என்று அடக்கத்தோடு சொன்னது. அறிஞர்கள் இன்னும் லிம்போவை ஒரு கருத்தாக வைத்துக்கொள்ளலாம், யாரும் தடுக்கவில்லை. இந்த அடக்கம் எனக்குக் கொஞ்சம் கசக்கிறது. மதிலுக்கு வெளியே அனுப்பும்போது இத்தனை தயக்கம் யாரும் காட்டவில்லையே.

இதையெல்லாம் போன அக்டோபரில் ஒரு சாயங்காலம், மொட்டைமாடியில் உட்கார்ந்து பெரியம்மாவுக்குச் சொன்னேன். 2021 வெள்ளத்தில் கொசஸ்தலை ஆறு தெருவுக்குள் வந்தபோது நாங்கள் ஏறி நின்ற அதே மாடி. அய்யா வைகுண்டர் கோயில் பக்கமிருந்து ஒலிபெருக்கி கேட்டுக்கொண்டிருந்தது. கனவு, தொட்டி, இறகு எல்லாவற்றையும் கேட்டார். இறகு வந்த இடத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். 2007க்கு வந்ததும் நிறுத்தச் சொன்னார்.

"அப்ப அதுவரைக்கும் அவன் எங்கலே இருந்தான்?"

46 வருஷக் கணக்கு அவர் மனதில் ஓடியது எனக்குத் தெரிந்தது. அப்படி ஓர் ஊர் இருந்ததே இல்லை பெரியம்மா, காகிதத்தில்தான் இருந்தது, அவன் போன அன்றைக்கே சேரவேண்டிய இடத்தில் சேர்ந்துவிட்டான் என்றேன். குழு சொன்னதைவிட ஒரு படி கூடுதலாகவே சொல்லிவிட்டேன். திருத்திக்கொள்ளும் எண்ணமில்லை.

"எனக்குத் தெரியும்" என்றார். "உபதேசியாருக்குத்தான் தெரியல."

நவம்பர் மாதப் பூசைக்கு இறந்தவர்கள் பெயரை எழுதிப் போடும் உறை பங்கிலிருந்து வந்திருந்தது. எழுத்து நடுங்குகிறதென்று ஒவ்வொரு வருஷமும் என்னைத்தான் எழுதச் சொல்வார். பெரியப்பா, அப்பா, அம்மா, கொழுந்தனார், கடலுக்குப் போய்த் திரும்பாத தம்பி என்று வழக்கமான பதினொரு பெயர்கள். நான் பேனாவை மூடப்போனேன்.

"இன்னும் ஒண்ணு இருக்கு."

பெயர் என்ன பெரியம்மா என்று கேட்டேன். ஞானஸ்நானம் ஆகாத பிள்ளைக்கு எவர் பெயர் வைத்திருப்பார்கள் என்று கேட்ட பிறகுதான் உறைத்தது.

"பேரு கிடையாது. 'என் மூத்தவன்'னு எழுது" என்றார்.

எழுதினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விரலை வைத்து எழுத்துக்கூட்டி ஒருதரம் வாசித்துப் பார்த்துவிட்டு, உறையை எச்சில் தொட்டு ஒட்டினார்.